சட்டத்தின் பொருள்கோள்

நன்னூலில் பொருள்கோள் பகுதியை நடத்தும்போதெல்லாம், பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒரு மாணவன் எழுந்து ஒரே ஐயத்தைக் கேட்பது வழக்கம். “பாடிய புலவர் ஒரு பொருளைத்தானே எண்ணிப் பாடியிருப்பார்? அதைக் காண எட்டு வழி எதற்கு, ஐயா?” ஆற்றுநீர், மொழிமாற்று, கொண்டுகூட்டு என்று எட்டையும் மனப்பாடம் செய்யவேண்டிய துன்பத்தில் பிறந்த கேள்வி அது. ஆயினும் நல்ல கேள்வி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒரே நூற்பாவுக்குச் சேனாவரையர் ஒன்று சொல்வார். நச்சினார்க்கினியர் அதை மறுத்து வேறொன்று சொல்வார். இருவரும் பேரறிஞர். இருவர் முன்னும் இருப்பவை அதே எழுத்துக்கள்.

உரையாசிரியர்களின் கருத்து வேற்றுமையால் எவருக்கும் பெருங்கேடு வந்துவிடுவதில்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறையலாம். நீதிமன்றத்தில் நிகழும் பொருள்கோள் அத்தகையதன்று. சட்டமன்றம் எழுதிவைத்த ஒரு சொல்லுக்கு நீதிபதி இன்ன பொருள் என்று கூறினால், ஒருவன் சிறையினின்று வெளியே வருகிறான். மற்றொரு பொருள் என்று கூறினால் உள்ளேயே இருக்கிறான். ஒருத்திக்கு இழந்த வேலை மீள்கிறது. அல்லது மீளாமற் போகிறது. சட்டத்தை இயற்றுவோர் மக்களின் பிரதிநிதிகள் என்பதை நாம் அறிவோம். ஆனால் இயற்றிய சட்டம் இறுதியில் எதைச் சொல்கிறது என்று முடிவு செய்வோர் வேறொரு மன்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் அதை எவ்வாறு படித்து வந்திருக்கின்றனர் என்பதன் வரலாற்றைச் சில சொற்களைக் கொண்டே இங்குக் காண முயல்வேன்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இம்முறையை இங்கிலாந்தினின்றும் பெற்றன. அங்கே 1584ஆம் ஆண்டில் ஹெய்டன் என்பவரின் நில உரிமை வழக்கொன்றில் நீதிபதிகள் ஒரு நெறியை வகுத்தனர். இச்சட்டம் வருமுன் இருந்த நிலை யாது? அந்நிலையில் நீங்காதிருந்த கேடு யாது? அக்கேட்டுக்குப் பாராளுமன்றம் கண்ட மருந்து யாது? அம்மருந்தைத் தேர்ந்ததன் காரணம் யாது? இந்நான்கையும் வினவி, கேடு ஒழியவும் மருந்து பலிக்கவும் ஏற்றவாறு சட்டத்தைப் படிக்கவேண்டும் என்பது அந்நெறி. இதற்கு எதிரான மற்றொரு வழக்கமும் அங்கே வளர்ந்தது. எழுதிய சொல்லுக்கு இயல்பாக உள்ள பொருளையே கொள்ளவேண்டும். விளைவு எதுவாயினும் அது நீதிபதியின் கவலையன்று என்பது அது. இவ்விரண்டுக்குமிடையே நானூறு ஆண்டுகளாக இழுபறி நடந்துவருகிறது.

தண்டனைச் சட்டங்களைப் பொறுத்தவரை நீதிபதிகள் மிக இறுக்கமாகவே படித்தனர். அதற்கு ஓர் இரக்கமான காரணம் உண்டு. சிறு திருட்டுக்கும் தூக்குமரம் காத்திருந்த காலம் அது. சட்டத்தின் சொல்லில் ஏதேனும் ஓர் இடுக்கு அகப்பட்டால் அதன்வழியே ஓர் உயிரைத் தப்புவிக்கலாம் அல்லவா? ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், குதிரைகளைத் திருடியவர்களுக்குத் தூக்கிலிருந்து தப்பும் பழைய சலுகை ஒன்று கிடையாது என்று சட்டம் இயற்றினர். சட்டத்தில் ‘குதிரைகள்’ என்று பன்மையில் இருந்தது. ஒரே ஒரு குதிரையைத் திருடியவனுக்கு இது பொருந்தாது என்று நீதிபதிகள் கருதினர். பாராளுமன்றம் அடுத்துக் கூடியபோது, ஒற்றைக் குதிரைக்காகவே ஒரு புதுச்சட்டம் செய்ய நேர்ந்தது! நம் மொழியில் அச்சட்டத்தை எழுதியிருந்தால் இந்தத் தொல்லை நேர்ந்திராது. ‘குதிரை வந்தது’, ‘குதிரை வந்தன’ என்று இரண்டையும் ஏற்கும் பால்பகா அஃறிணைப் பெயர் நம்மிடம் இருக்கிறது. திருடனுக்குத்தான் அது நட்டம்.

இவ்வழக்கங்களினின்று இரண்டு கொள்கைகள் உருப்பெற்றன. ஒருவனுடைய உயிரையோ உரிமையையோ பறிக்கும் சட்டத்தைக் குறுக்கிப் படிக்கவேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே சேரவேண்டும். எளியோர்க்குப் பாதுகாப்பளிக்க வந்த சட்டத்தை விரித்துப் படிக்கவேண்டும். அதன் நிழலில் கூடியவரை பலர் ஒதுங்க இடந்தரவேண்டும். கேட்பதற்கு இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அச்சம் நாட்டைப் பற்றிக்கொண்ட காலங்களில் முதற்கொள்கைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1941ஆம் ஆண்டின் ஒரு வழக்கே போதும்.

அப்போது இரண்டாம் உலகப்போர். இங்கிலாந்தின் பாதுகாப்பு விதிகளுள் ‘18பி’ எனப்படும் விதி, ஒருவர் பகைவருடன் தொடர்புடையவர் என்று நம்புவதற்கு உள்துறை அமைச்சருக்குத் ‘தக்க காரணம் இருந்தால்’ அவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம் என்றது. லிவர்சிட்ஜ் என்பவர் 1940இல் அவ்வாறு அடைக்கப்பட்டார். தக்க காரணம் யாது என்று காட்டும்படி அமைச்சர் ஆண்டர்சன் மேல் அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், ‘தக்க காரணம் இருந்தால்’ என்பதற்கு, ‘தக்க காரணம் இருப்பதாக அமைச்சர் நல்லெண்ணத்துடன் கருதினால்’ என்று பொருள் கொண்டனர். அமைச்சர் கருதியதாகச் சொன்னால் போதும். நீதிமன்றம் மேலே கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஐந்தாமவரான அட்கின் பிரபு உடன்படவில்லை. அவருடைய வாதம் ஓர் இலக்கண ஆசிரியரின் வாதமாகவே இருந்தது. ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்திருந்தால் என்று சொல்வதும், முறிந்துவிட்டதாக அவன் நினைத்தால் என்று சொல்வதும் ஒன்றாகுமா? சட்டத்தில் அச்சொற்றொடர் வந்த இடங்களிலெல்லாம் உண்மையில் உள்ள காரணத்தையே குறித்து வந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். ஒரு குழந்தைக் கதையில், தான் விரும்பிய பொருளையே தன் சொல் தரும் என்று செருக்குடன் கூறும் பாத்திரம் ஒன்று உண்டு. தம் சகநீதிபதிகளின் முறைக்கு அதையன்றி வேறு மேற்கோள் தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். அக்குத்தலையாவது நீக்கிவிடலாகாதா என்று தலைமை நீதியமைச்சர் தீர்ப்புக்கு முன்னரே வேண்டிக்கொண்டார். அட்கின் இசையவில்லை. போர்க்காலத்தில், குண்டுமழைக்கு நடுவே, தனியொருவராக நின்று அவர் காத்தது ‘இருந்தால்’ என்னும் ஒரு வினையெச்சத்தை என்று சொன்னால் அது மிகையன்று. 1944இல் அவர் இறந்தார். பெரும்பான்மையினர் அன்று செய்தது தவறே என்று அதே பிரபுக்கள் சபையில் டிப்லாக் பிரபு கூறியது 1979இல்.

நம் நாட்டில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே இத்தகைய கேள்வி எழுந்தது. அதுவும் சென்னை மாகாணத்தினின்றே எழுந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தவர். 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், ஆறு நீதிபதிகளும் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது என்றனர். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக்கூடாது என்று வாயடைத்த பிரிவு அது. எஞ்சிய சட்டத்தைப் பெரும்பான்மையோர் செல்லும் என்று ஏற்றனர். சட்டமன்றம் வகுத்த நடைமுறை எதுவாயினும் அது ‘சட்டம் நிலைநாட்டிய நடைமுறை’யே என்பது அவர்கள் கொண்ட பொருள். அது நியாயமான நடைமுறையாக இருக்கவேண்டும் என்று அச்சொற்றொடரிலேயே பொருள் கண்ட ஃபசல் அலி நீதிபதி சிறுபான்மையானார்.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், நெருக்கடி நிலைக்காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவரில் நால்வர், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை அணுகவே இயலாது என்று தீர்த்தனர். அன்றைய வாதங்களில் 1941இன் இங்கிலாந்துத் தீர்ப்பு மறுபடியும் தலைகாட்டியது. தனித்து நின்றவர் எச். ஆர். கன்னா. மறு ஆண்டே அவருக்கு இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியானார்; கன்னா பதவி விலகினார். அந்த 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2017இல் ஒன்பது நீதிபதிகளால் வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. தள்ளி எழுதியவர்களுள் ஒருவர், பெரும்பான்மை நால்வரில் ஒருவரான சந்திரசூட் அவர்களின் மகன்.

இனி, பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த சட்டங்களைப் பார்ப்போம். தடுப்புக்காவல் சட்டம் குற்றம் எதையும் சாட்டாமல் ஒருவரை அடைத்துவைப்பது. 1985இலும் பின்னர் 1987இலும் வந்த ‘தடா’ அவ்வாறன்று. அது குற்றத்துக்கு இலக்கணம் வகுத்து, விசாரித்துத் தண்டிப்பது. ஆனால் அவ்விலக்கணம் அகலமானது. அதனோடு விசாரணை முறையும் கடுமையானது. காவல்துறை அதிகாரியிடம் ஒருவர் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நம் சாட்சியச் சட்டம் ஏற்பதில்லை. காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவரிடம் தந்தால் அதையும் ஏற்கலாம் என்றது தடா. 1994இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று ஏற்றது. ஆயினும் ஒரு வேலை செய்தது. பயங்கரவாதிக்கு உதவியவன் குற்றவாளி என்று சட்டம் பொதுப்படச் சொன்னவிடத்தில், அவன் பயங்கரவாதி என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ உதவியவன் என்று சொல் வருவித்துப் படித்தது. உரையாசிரியர்கள் ‘என்பது அவாய்நிலையால் வந்தது’ என்று எழுதுவார்களே, அதே வேலைதான். அந்த ஒரு வருவிப்பு இல்லையேல், வழிப்போக்கன் என்று எண்ணி ஒருவேளைச் சோறிட்டவளும் குற்றவாளியே.

தடாவின் இலக்கணத்தில் மிக முக்கியமான சொல் ‘நோக்கம்’. சட்டப்படி நிறுவப்பட்ட அரசை அச்சுறுத்திப் பணியவைக்கும் நோக்கமோ, மக்களிடையே பீதியை விளைக்கும் நோக்கமோ, அத்தகைய வேறு நோக்கமோ இருந்தாலன்றி, செய்த செயல் எவ்வளவு கொடியதாயினும் அது அச்சட்டத்தின்படி பயங்கரவாதச் செயலாகாது. இச்சொல்லுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை நம் மண்ணிலேயே நேர்ந்தது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு பலரும் மாண்டனர். பூந்தமல்லியிலிருந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில், குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எஞ்சிய 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது.

அத்தீர்ப்பில் பலர் கவனியாத பகுதி ஒன்றுண்டு. அக்கொலை தடாவின் பொருளில் பயங்கரவாதச் செயல் அன்று என்றே நீதிபதிகள் கூறினர். இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியதற்காக ஒரு தனிமனிதர்மேல் கொண்ட வஞ்சமே சான்றுகளால் தெரிகிறது. அரசைப் பணியவைக்கவோ மக்களைப் பீதியுறுத்தவோ கருதினர் என்பதற்குச் சான்று இல்லை என்றனர். நாடே கொதித்திருந்த ஒரு வழக்கில் சட்டத்தின் சொல்லை இவ்வளவு நிதானமாக அளந்து பார்த்தது பாராட்டுக்குரியது. ஆனால் அடுத்த படியில் எனக்கு இன்றும் நெருடல் உண்டு. தடாக் குற்றம் இல்லையென்றான பிறகு, தடாவின் சலுகையால் மட்டுமே சான்றாக நின்ற ஒப்புதல் வாக்குமூலங்கள் என்னாகும்? அவையும் போய்விடும் என்று சாதாரண மனிதன் எண்ணுவான். தடா வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட பிற குற்றங்களுக்கும் அவ்வாக்குமூலங்கள் பயன்படும் என்று, வேறொரு பிரிவை விரித்துப் படித்து நீதிமன்றம் கூறியது. ஒரு பிரிவைக் குறுக்கியும் மறு பிரிவை விரித்தும் படித்த அதே தீர்ப்பில் நால்வரின் உயிர் ஊசலாடியது. (அந்நால்வரில் எவரும் பின்னர்த் தூக்கிலிடப்படவில்லை.)

தடா 1995இல் காலாவதியாயிற்று. 2002இல் ‘பொடா’ வந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் திருமங்கலத்தில் ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்காக ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ்க் கைதாகி வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு தேடுவது குற்றம் என்றது அப்பிரிவு. ஆதரவு என்றால் எது? வாயால் சொல்லும் ஒரு நல்ல சொல்லும் ஆதரவா? 2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் பொடாவைச் செல்லும் என்று ஏற்றது. ஆயினும் பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கத்தோடு செய்தாலன்றி அது குற்றமாகாது என்று அப்பிரிவுக்குப் பொருள் கூறியது. சில வாரங்களில் அவர் பிணையில் வெளிவந்தார். பொடாவே 2004இல் நீக்கப்பட்டது.

இன்று நடைமுறையில் உள்ளது 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். பழைய சட்டங்களின் கடுமைகள் பலவும் திருத்தங்களாக அதில் குடியேறியிருக்கின்றன. ‘உறுப்பினர்’ என்னும் எளிய சொல்லுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு தடா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட இயக்கத்தில் வெறுமனே பெயர் பதிந்திருப்பது குற்றமன்று. வன்முறையில் இறங்கியோ அதைத் தூண்டியோ செயற்பட்டால்தான் குற்றம் என்று சொல்லைக் குறுக்கிப் படித்தது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அது தவறு என்றனர். சட்டம் ‘உறுப்பினர்’ என்றுதான் சொல்கிறது. ‘செயற்படும் உறுப்பினர்’ என்று சொல்லவில்லை. இல்லாத அடைமொழியை நீதிமன்றம் சேர்க்கலாகாது என்பது அவர்கள் முடிவு. சொல் ஒன்றே. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் குற்றமற்றதாக இருந்த நிலை ஒரே நாளில் குற்றமாயிற்று. இலக்கண முறைப்படி பார்த்தால் பின்னைய தீர்ப்புக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் தண்டிக்கும் சட்டத்தைக் குறுக்கியே படிக்கவேண்டும் என்ற அந்தப் பழைய கொள்கையை எண்ணும்போது, என் மனம் முன்னையதன் பக்கமே சாய்கிறது.

நிற்க. சிறையைப் பற்றிய சட்டங்களில் சொல்லைக் குறுக்குவது கருணை என்றால், பிழைப்பைப் பற்றிய சட்டங்களில் அதே செயல் கொடுமையாகிவிடும். தொழிலாளர் சட்டங்களின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், வேலைநீக்கம் செய்யப்பட்டவனுக்கு வழக்காட ஒரு மன்றத்தைத் தந்தது. ஆனால் அவன் வேலைசெய்த இடம் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் அடங்கவேண்டும். அவனும் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் அடங்கவேண்டும். இரண்டு வாயில்கள். ஒன்று மூடியிருந்தாலும் உள்ளே போக இயலாது.

முதல் வாயிலில் நடந்த வேடிக்கைகள் பல. வங்காளத்தில் ஒரு நகராட்சியின் வழக்கில் நகராட்சியும் தொழிலே என்று 1952இல் தீர்ப்பாயிற்று. 1960இல் பம்பாய் அரசு மருத்துவமனையும் தொழில் என்றானது. 1962இல் வழக்கறிஞர் அலுவலகம் தொழில் அன்று என்றனர்; தாம் வளர்ந்த இடமல்லவா! 1963இல் டில்லிப் பல்கலைக்கழகம் தொழில் அன்று என்றனர். அங்கே வேலையிழந்து வந்தவர் பேராசிரியர் அல்லர். மாணவியரை ஏற்றிச்சென்ற பேருந்தின் ஓட்டுநர். கல்வி என்பது உயர்ந்த பணி. ஆகையால் கல்வி நிலையம் தொழில் ஆகாது. ஆகையால் அதன் ஓட்டுநருக்கு வழக்கு இல்லை. 1967இல் சென்னை ஜிம்கானா கிளப்பும் தொழில் இல்லையென்றானது. 1970இல் டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் தொழில் அன்று என்று, 1960இன் முடிவையே புரட்டிவிட்டனர். கீழ் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1978 பிப்ரவரி 21 அன்று பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றனர். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர்; கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். முறையாகத் தொடர்ந்து நடக்கும் செயலா? முதலாளியும் தொழிலாளியும் கூடி நடத்துவதா? மக்களின் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருவதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது தொழிலே. இலாபம் வருகிறதா என்பது கேள்வியன்று. இந்த அளவுகோலில் மருத்துவமனை, பல்கலைக்கழகம், கிளப்பு யாவும் ‘தொழில்’ ஆயின. இருவர் மாறுபட்டனர். நான்கே ஆண்டுகளில், 1982இல், மருத்துவமனையையும் கல்வி நிலையத்தையும் விலக்கிப் பாராளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. விந்தை என்னவென்றால், அத்திருத்தம் ஒருநாளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1978இன் தீர்ப்பு சரிதானா என்ற ஐயம் 2005இல் எழுப்பப்பட்டு, 2017இல் ஒன்பது நீதிபதிகளின் ஆயத்துக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை விலக்கப்பட்டிருக்கின்றன. தொண்டு எது என்று இனி யாரேனும் பொருள் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வாயில் எங்கள் இனத்தைச் சேர்ந்தது. கோவாவில் ஒரு பள்ளியில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை ஒருவரின் வழக்கு 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பள்ளி தொழில்தான் என்பது 1978க்குப் பின் உறுதியாகிவிட்டது. ஆசிரியர் தொழிலாளியா? உடலுழைப்பு, திறன்பணி, தொழில்நுட்பம், எழுத்தர் பணி, மேற்பார்வை என்று சட்டம் வரிசைப்படுத்திய வகைகளில் கற்பித்தல் எதிலும் அடங்காது என்றனர். மனங்களைப் பண்படுத்தும் உன்னத பணியை அவ்வாறு வகைப்படுத்தலாகாது என்றனர். எனவே, மணியடிக்கும் ஊழியர் வழக்காடலாம்; அலுவலக எழுத்தர் வழக்காடலாம்; மணியோசை கேட்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியை வழக்காட இயலாது. அவருக்கு வேறு சட்டத்தில் பாதுகாப்புத் தரலாமே என்று நீதிபதிகள் இரக்கத்தோடு குறிப்பிட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆசிரியர் தின விழாக்களில் மாலையேற்று அமர்ந்தபோதெல்லாம் எனக்கு இத்தீர்ப்பு நினைவுக்கு வந்ததுண்டு. புகழ்மொழியும் ஒருவரின் உரிமையைப் பறிக்கக்கூடும் என்பதை நான் அதில்தான் கற்றேன்.

அவ்வரிசை 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும் அப்படியே இருந்தது. ஐந்தாண்டு பணியாற்றியவருக்கு, விலகும்போது ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் தரச்சொன்ன சட்டம் அது. 1997 ஏப்ரல் 3 முதல் கல்வி நிலையங்களுக்கும் அரசு அதை நீட்டித்தது. ஆசிரியர்கள் மகிழ்ந்தனர். 2004 ஜனவரியில், அகமதாபாத் ஆசிரியர்களின் வழக்கில், அவர்கள் அச்சட்டத்தின் பொருளில் ‘பணியாளர்’ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டமன்றம் விரும்பினால் சொல்லை மாற்றட்டும் என்றும் சொன்னது. பாராளுமன்றம் இம்முறை செவிமடுத்தது. 2009இல் அவ்வரிசையையே நீக்கி, எவ்வகை வேலையாயினும் ஊதியத்துக்குச் செய்பவர் பணியாளரே என்று திருத்தி, அதை 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும்படி முன்தேதியிட்டது. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்ட் 29 அன்று, திருத்தம் செல்லும். ஆசிரியர்களுக்கு நேர்ந்த அநீதியைக் களைந்ததே அது. ஆறு வாரங்களுக்குள் வட்டியுடன் கொடுங்கள் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆயத்தில் இருந்த இருவரில் ஒருவர் சஞ்சீவ் கன்னா. 1976இல் தனித்து நின்ற கன்னாவின் தம்பி மகன்.

என் நண்பர் ஒருவர் தனியார் பள்ளியொன்றில் 26 ஆண்டுகள் கணிதம் கற்பித்து 2005இல் ஓய்வு பெற்றவர். கடைசி மாத ஊதியம் 7,800 ரூபாய். இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, மறுபடியும் இருபத்தாறால் பெருக்கினால் 1,17,000 ரூபாய் வரும். ஓய்வு நாளன்று கரும்பலகையில் போடுவதுபோல் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தார். பள்ளி நிருவாகம் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்து அனுப்பியது. 2010இல் மீண்டும் கேட்டபோது, வழக்கு நிலுவையில் உள்ளது என்ற விடை கிடைத்தது. 2022இல் அவருக்கு வயது எழுபத்தைந்து, கண்பார்வை மங்கியிருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பித்தர என்னை அழைத்தார். நான் கேட்கக் கேட்க அவர் சொல்லி வந்தார். ‘கடைசியாக வகித்த பதவி’ என்ற கட்டம் வந்தபோது, “அதை மட்டும் நான் எழுதுகிறேன், கொடுங்கள்” என்று பேனாவை வாங்கி, தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, ‘ஆசிரியர்’ என்று எழுதினார்.